பன்னிரண்டு அசைச் சொல்: ஓஜிடி ஸ்கோப்பியின் முழுப்பெயரை எங்கே பிரிப்பது, எப்படிச் சொல்வது

நெஞ்செரிச்சல் விடாமல் இருக்கிறது, சோறு விழுங்கினால் நடுவில் நிற்கிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று வயிற்று மருத்துவரிடம் போனால், அவர் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் ஓஜிடி ஸ்கோப்பி அநேகமாக இருக்கும். வாய்வழியாக வளையும் குழாயை இறக்கி உள்ளே பார்ப்பது. சீட்டில் மூன்றெழுத்துதான். ஆனால் ரிப்போர்ட்டின் தலைப்பில் சில சமயம் முழுப்பெயரே அச்சாகி வரும்: இசாஃபகோகேஸ்ட்ரோடியூவோடினாஸ்கபி. ஆங்கிலத்தில் அமெரிக்க முறையில் எழுதினால் 26 எழுத்து, பிரிட்டிஷ் முறையில் 27. நடுவில் இடைவெளி கிடையாது, ஒரு கோடுகூடக் கிடையாது.

நோயாளிக்கு ஓஜிடி என்றாலே போதும். மருத்துவர்களும் தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நர்சிங் படிப்பவருக்கும், லேப் டெக்னீஷியன் படிப்பவருக்கும், எம்பிபிஎஸ் முதலாண்டில் காலெடுத்து வைத்தவருக்கும் அந்த வசதி இல்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முழுப்பெயரைக் கேட்பார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வகுப்பறைகளுக்குள் வந்திருக்கிறார்கள். பாடம் புரிந்தும் சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தயங்கி அவர்களில் சிலர் பின்வரிசைக்குப் போய்விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்தச் சொற்களை உச்சரிக்க ஆங்கிலப் பள்ளிப் படிப்பு வேண்டியதில்லை. இவை கிரேக்கமும் லத்தீனும் சேர்த்துக் கட்டிய சொற்கள். எங்கே பிரிப்பது என்று தெரிந்தால் யாருக்கும் வரும்.

சிக்கல் எங்கே என்றால், இப்படிப்பட்ட சொல்லுக்கு இரண்டு விதமான பிரிவு உண்டு. பொருளுக்காகப் பிரிப்பது ஒன்று, ஓசைக்காகப் பிரிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. நாம் பொருளுக்காக வெட்டிய துண்டுகளை அப்படியே வரிசையாக வாசித்துவிடுகிறோம். நாக்கு தடுக்குவது அங்கேதான்.

முதலில் பொருள். ‘இசாஃபகோ’ உணவுக்குழாய், ‘கேஸ்ட்ரோ’ இரைப்பை, ‘டியூவோடினோ’ முன்சிறுகுடல், ‘ஸ்கபி’ பார்த்தல் என்று நான்கு துண்டு. வாய்க்குள் போகிற குழாய் எந்த வரிசையில் இவற்றைக் கடக்கிறதோ அதே வரிசையில் பெயரும் போகிறது. அதனால் உடற்கூறு தெரிந்தவருக்கு வரிசை மறக்க வாய்ப்பில்லை. இந்த நீளம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1868-ல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மௌல் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு நேரான உலோகக் குழாயை இரைப்பைவரை இறக்கிக் காட்டினார். வளையாத குழாய்க்கு அதற்குமேல் போக வழியில்லை. 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் கொண்டுவந்த கருவி பாதி வளைந்தது. 1957-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளை வைத்து நன்றாக வளையும் கருவியைப் பயன்படுத்திக் காட்டினார். இரைப்பையைத் தாண்டி வளைந்து முன்சிறுகுடலுக்குள் எட்டிப் பார்ப்பது அதற்குப்பின் வழக்கமான காரியமாயிற்று. கருவி எவ்வளவு தூரம் உள்ளே போயிற்றோ அவ்வளவு தூரம் பெயரும் நீண்டிருக்கிறது.

மூன்றாவது துண்டில் ஓர் எண் இருக்கிறது. முன்சிறுகுடலுக்கு டியூவோடினம் என்று பெயர். லத்தீனில் பன்னிரண்டு பன்னிரண்டாக என்ற சொல்லிலிருந்து வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ், இந்தக் குடல் பகுதி பன்னிரண்டு விரற்கடை நீளம் என்று கண்டு கிரேக்கத்தில் அப்படியே பெயர் வைத்தார். அது அரபிக்குப் போய், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபியிலிருந்து லத்தீனுக்கு வந்தபோது இன்றைய பெயர் ஆயிற்று. தற்செயலாக, பரிசோதனையின் முழுப்பெயரிலும் அசைகள் பன்னிரண்டுதான். எண்ணிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள இது நல்ல வசதி.

சரி, ஓசைக்கு வருவோம். இங்கே அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல. அங்கே ‘கட’ என்ற இரண்டு குறிலும் சேர்ந்து ஒரே நிரையசை. ஆங்கில உச்சரிப்புக் கணக்கில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். அப்படிப் பிரித்தால்:

இ – சா – ஃப – கோ – கேஸ் – ட்ரோ – டியூ – வோ – டி – னாஸ் – க – பி

கடைசி மூன்றைக் கவனியுங்கள். பார்த்தல் என்ற பொருள் தரும் துண்டு ‘ஸ்’ என்ற ஒலியில்தான் தொடங்குகிறது. ஆனால் வாயில் வரும்போது அந்த ‘ஸ்’ முன்னால் இருக்கும் குடலோடு போய் ஒட்டிக்கொண்டு ‘னாஸ்’ ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது ‘கபி’ மட்டும். பொருளின்படி வெட்டு ‘ஸ்’-க்கு முன்னால். ஓசையின்படி அதற்குப் பின்னால்.

தமிழ் படித்தவருக்கு இது புதிய விஷயம் இல்லை. பொருளைப் பார்க்காமல் ஓசைக்காகச் சொல்லைப் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயரே வைத்திருக்கிறோம். மூன்றாவது குறளின் முடிவில் ‘வாழ்வார்’ என்ற ஒரே சொல்லை உடைத்து ‘நீடுவாழ் வார்’ என்று சீர் பிரித்துத்தான் அச்சிடுகிறார்கள். யாரும் ‘வார்’ என்றால் என்ன என்று தனியாக அர்த்தம் தேடுவதில்லை. அதே பழக்கத்தில் ‘கபி’ என்பதையும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் ஓஜிடி ஸ்கோப்பி, எண்டோஸ்கோப்பி என்று சொல்வதற்கும் காரணம் இந்த வெட்டுதான். ‘ஸ்கோப்’ என்பதைத் தனித்துண்டாக நிறுத்தி, கடைசியில் ஓர் இகரம் சேர்த்துவிட்டோம். ஆங்கிலத்தில் கருவியைச் சொல்லும்போது எண்டஸ்கோப், அழுத்தம் முதல் அசையில். அந்தக் கருவியால் செய்யும் காரியத்தைச் சொல்லும்போது எண்டாஸ்கபி, அழுத்தம் இரண்டாவது அசையான ‘டாஸ்’ மேல். மைக்ரஸ்கோப், மைக்ராஸ்கபி என்பதும் அப்படியே. ஒரே ஓர் அசை கூடியதும் அழுத்தம் இடம் பெயர்ந்துவிடுகிறது. தமிழில் பேசும்போது எண்டோஸ்கோப்பி என்றே சொல்லலாம், அது தமிழாகிப் போன சொல். நோயாளியின் அம்மாவை யாரும் திருத்த வேண்டாம். ஆங்கிலத்தில் பாடம் ஒப்பிக்கும்போதும், வெளிநாட்டு வேலைக்கு ஓஇடி என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில் வாய்விட்டுப் பேசும்போதும்தான் மற்ற வடிவம் தேவைப்படும்.

அழுத்தம் எங்கே விழும் என்பதை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. சொல்லின் வால் அதைத் தீர்மானித்துவிடும். வால் ‘-ஸ்கபி’, ‘-ஆலஜி’, ‘-கிரஃபி’, ‘-டமி’, ‘-பதி’ என்று முடிந்தால், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம். நம் சொல்லில் அது ‘னாஸ்’. வால் ‘-ஐட்டிஸ்’, ‘-ஓசிஸ்’, ‘-ஓமா’ என்றால், கடைசிக்கு முந்திய அசையில்: கேஸ்ட்‘ரை’ட்டிஸ், சி‘ரோ’சிஸ், கார்சி‘னோ’மா. முன்னால் எத்தனை உறுப்புகளைக் கோத்திருந்தாலும் கணக்கு வாலிலிருந்துதான். ஆலஜி விஷயத்தில் தமிழ்க் காது இதை ஏற்கெனவே பிடித்துவிட்டது. மருத்துவமனைப் பலகைகளில் கார்டியாலஜி, நியூராலஜி என்று ‘ஆ’ போட்டுத்தானே எழுதுகிறோம்? அழுத்தம் விழுந்ததால் அந்த உயிர் விரிந்து கேட்கிறது, கேட்டபடி எழுதிவிட்டோம். ஸ்கோப்பிக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இந்த அழுத்தத்தை நான் இவ்வளவு தூரம் சொல்வது அழகுக்காக இல்லை. இரைப்பையில் செய்யும் மூன்று அறுவைச் சிகிச்சைகளைப் பாருங்கள். கேஸ்ட்ராஸ்டமி என்றால் வெளியிலிருந்து இரைப்பைக்குள் துளை வைப்பது, வாயால் சாப்பிட முடியாதவருக்கு அதன்வழியே குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். கேஸ்ட்ராட்டமி என்றால் இரைப்பையைக் கீறித் திறப்பது. கேஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வெட்டி எடுத்துவிடுவது. மூன்றும் தொடங்குவதும் ஒரே மாதிரி, முடிவதும் ஒரே மாதிரி. வேறுபாடு முழுவதும் நடு அசையில்: ட்ராஸ், ட்ராட், ட்ரெக். அழுத்தம் விழுவதும் சரியாக அந்த அசையில். எந்த அசை சிகிச்சையைப் பிரித்துக் காட்டுகிறதோ அதை அழுத்திச் சொன்னால், போனில் கேட்பவருக்கும் தெளிவாக விழும். எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் ஒப்பித்தால் ஒரு மெய்யொலி நழுவிப் போவது எளிது.

தமிழில் அப்படி ஒரே மட்டத்தில் சொல்வதுதான் இயல்பு. சொல்லுக்குள் அழுத்தத்தை இடம் மாற்றிப் பொருளை மாற்றும் வழக்கம் நம் மொழியில் இல்லை. நெடிலும் குறிலும் ஒற்றும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர் சுருங்கிப்போகிறது. சுருங்குவது என்றால் என்ன என்பதற்கும் நம் இலக்கணத்தில் துணை இருக்கிறது. ‘காடு’, ‘பட்டு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்தை முழுதாகச் சொல்கிறோமா? குற்றியலுகரம், அரை மாத்திரை. ஒலி வேறாக இருந்தாலும் சுருக்கம் அதே மாதிரிதான். நம் பன்னிரண்டு அசையில் மூன்றாவதான ‘ஃப’, பதினோராவதான ‘க’ இரண்டையும் அந்த அளவுக்குத் தளர்த்திச் சொன்னாலே உச்சரிப்பு பாதி சரியாகிவிடும். பதினோராவதை ‘கோ’ என்று நீட்டுவதால்தான் ‘ஸ்கோப்பி’ பிறக்கிறது.

பெரிய அழுத்தம் ஒன்றுதான் என்றாலும், இவ்வளவு நீளமான சொல்லில் சின்ன அழுத்தங்களும் உண்டு. சா, கேஸ், டியூ மூன்றும் அப்படிப்பட்டவை. வலுவான அசைக்குத் ‘தாம்’, மெலிந்ததற்குத் ‘த’ என்று வைத்துக் கையால் தட்டிப் பாருங்கள்:

த – தாம் – த – த – தாம் – த – தாம் – த – த – தாம் – த – த

உறுப்புக்கு ஒரு தாம், பார்த்தலுக்கு ஒரு தாம். கடைசித் தாம் மட்டும் கொஞ்சம் ஓங்கி. சந்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இரண்டு மூன்று முறை தட்டினால் போதும், சொல் தானாக அதில் உட்கார்ந்துவிடும்.

இனி எழுத்துகள். பிரிட்டிஷ் முறையில் இந்தச் சொல் ஓ, ஈ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும், அமெரிக்க முறையில் ஈ மட்டும். அதனால்தான் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓஜிடி என்று சுருக்குகிறார்கள், அமெரிக்காவில் இஜிடி. இரண்டும் ஒரே பரிசோதனைதான். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து, இது வேறு ஏதோ என்று குழம்ப வேண்டாம். எழுத்து இரண்டானாலும் ஒலி இகரம்தான், ஓகாரம் வராது. அமீபாவை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அங்கேயும் அதே இரட்டை எழுத்து, நாம் ‘மீ’ என்றுதானே சொல்கிறோம்.

அடுத்தது ஜி என்ற எழுத்து. அ, ஓ, உ வரிசை எழுத்துகளுக்கு முன்னால் வந்தால் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் மாதிரி ஒலிக்கும். இ, எ வரிசைக்கு முன்னால், மருத்துவச் சொற்களில் பெரும்பாலும் ஜகரமாக மாறிவிடும். உணவுக்குழாயை இசாஃபகஸ் என்கிறோம், ககரம். அது வீங்கி அழன்றால் இசாஃப‘ஜை’ட்டிஸ். உணவுக்குழாய் சார்ந்த என்று சொல்ல இசாஃப‘ஜீ’யல். வேர் ஒன்றே, பின்னால் வரும் உயிர் மாறியதும் மெய் மாறுகிறது. நம் நீளச் சொல்லில் இரண்டு ஜி-யும் அடுத்தடுத்து ‘கோ’, ‘கேஸ்’ என்று ககரமாகவே வருகின்றன. இந்தக் ககரத்தைச் சொல்லின் தொடக்கத்தில் எழுதும்போது தமிழ் எழுத்து நமக்குக் கைகொடுப்பதில்லை. ‘கல்’ என்பதிலும் க, ‘கேஸ் சிலிண்டர்’ என்பதிலும் க. சிலிண்டர் கேஸ்தான் இங்கே வேண்டியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் சரியாக வரும். ‘டியூ’, ‘டி’ இரண்டிலும் வரும் டகரமும் அப்படித்தான், ‘வண்டி’யில் வரும் மெல்லிய டகரம்.

ஓர் இடத்தில் தமிழ் நமக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. டியூ, ஓ என்று இரண்டு உயிர் அடுத்தடுத்து வரும்போது ஆங்கிலத்தில் படிக்கிறவர் பலர் அங்கே திணறி நிற்பார்கள். நமக்கு உடம்படுமெய் பிறப்பிலேயே வருவது. நடுவில் ஒரு வகரம் தானாக வந்து ‘டியூவோ’ என்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆங்கிலேயர் வாயிலும் அந்த இடத்தில் மெல்லிய வகரச் சாயல் கேட்கும். கேஸ்ட்ரோவென்டராலஜி என்று சொல்லும்போதும் அந்த ‘வெ’ இப்படி வந்ததே.

டியூவோடினம் என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதில் மட்டும் இரண்டு வழக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் ‘டீ’ மேல் அழுத்தம். அமெரிக்காவில் இதோடு, இரண்டாவது அசையை அழுத்தி ‘டூஆடனம்’ என்று சொல்வதும் பரவலாக உண்டு. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பயிற்சிக்கு என் யோசனை, முன்னாலிருந்து தொடங்காதீர்கள். முன்னாலிருந்து தொடங்கினால் கேஸ்ட்ரோ வரும்போதே மூச்சும் தைரியமும் தீர்ந்துவிடும், முக்கியமான அழுத்தமோ இன்னும் தூரத்தில் இருக்கும். வாலிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் ‘னாஸ்கபி’ மட்டும், ஓங்கி. அது வழுக்காமல் வந்ததும் ‘டினாஸ்கபி’. அப்புறம் ‘டியூவோடினாஸ்கபி’. இதுவே முன்சிறுகுடலைப் பார்த்தல் என்ற முழுச்சொல். அதன்மேல் ‘கேஸ்ட்ரோ’, கடைசியாக ‘இசாஃபகோ’. ஒவ்வொரு முறையும் தெரியாத புதுத்துண்டில் தொடங்கி, நன்றாகப் பழகிய துண்டில் முடிக்கிறோம். அதனால் சொல் போகப்போக எளிதாகிறது. மொழிப் பயிற்சி வகுப்புகளில் வெகுகாலமாக இருக்கும் முறைதான் இது.

மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்கவும் தெரியவேண்டும். ஓஜிடி எழுதுவதற்கான காரணங்களில் ஒன்று டிஸ்ஃபேஜியா, விழுங்குவதில் சிரமம். உணவுக்குழாயின் பெயருக்குள் இருக்கும் அதே ‘ஃபேக்’ வேர், பின்னால் இகரம் வந்ததால் ஜகரமாக மாறியிருக்கிறது. இதற்கு மிக அருகிலேயே டிஸ்ஃபேசியா என்று இன்னொரு சொல். அது பக்கவாதம் போன்றவற்றால் மூளை பாதித்து மொழி தடுமாறுவது. ஜ எங்கே இருக்கிறதோ அங்கே சாப்பாடு. ச எங்கே இருக்கிறதோ அங்கே பேச்சு. பக்கவாதம் வந்த ஒருவருக்கு இரண்டுமே சேர்ந்து இருக்கலாம் என்பதால் குழப்பம் இன்னும் ஆபத்து. பேச்சு மட்டும் தடுமாறி, விழுங்குவது சரியாக இருப்பவருக்கு உணவு கொடுக்கலாம். விழுங்க முடியாதவருக்குக் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே பேச்சுக் கோளாறுக்கு அஃபேசியா என்ற சொல்லைப் பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில், கேட்டது ஜ-வா ச-வா என்று சந்தேகம் வந்தால் சீனியரிடம் திருப்பிக் கேட்பதற்குத் தயங்கவே கூடாது. “விழுங்குறதா டாக்டர், பேச்சா?” என்று தமிழிலேயே கேட்டுவிடலாம்.

நீளத்துக்காகவே நீட்டிய சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று சொல்லி 1935-ல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத் தலைவர் உருவாக்கிய 45 எழுத்துச் சொல் அந்த ரகம். சிலிகோசிஸ் என்றால் மருத்துவருக்குப் போதும். வினாடி வினாவுக்கு வேண்டுமானால் அதைப் படித்துக்கொள்ளலாம், வார்டில் அதற்கு வேலை இல்லை.

வார்டில் உண்மையாகவே எதிர்ப்படும் அடுத்த நீளச் சொல் ஈஆர்சிபி என்ற சுருக்கத்தின் கடைசிப் பகுதி. பித்தக் குழாய்களையும் கணையக் குழாயையும் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படமாகப் பார்ப்பது: கொலாஞ்சியோபேங்க்ரியடாக்ரஃபி. முதலெழுத்துகளைச் சகரமாகப் படித்துவிடாதீர்கள், கிரேக்கத்திலிருந்து வந்ததால் ககரம், கொலஸ்ட்ராலில் வருவதுபோல. வால் ‘-கிரஃபி’ என்பதால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம், அதாவது ‘டாக்’. அந்த ‘க்’ ஒலி, பொருளின்படி கிரஃபியைச் சேர்ந்ததாக இருந்தும் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள், ‘னாஸ்’ கதையேதான். கொ – லாஞ் – ஜி – யோ – பேங்க் – ரி – ய – டாக் – ர – ஃபி. அசை பத்து. ‘டாக்ரஃபி’யில் தொடங்கிப் பின்னோக்கி ஏறிப் பாருங்கள்.